பெயர் யாருக்கு ஆகும்? மெல்பேர்ண் கூடைப்பந்துக் கழகம் ஒன்றின் வரலாறு

இலக்கண வகுப்பிலே ஆகுபெயரைக் கற்பிக்கும்பொழுது ‘ஊர் சிரித்தது’ என்னும் எடுத்துக்காட்டைச் சொல்லாத ஆசிரியர் இலர். சிரித்தது மண்ணும் மதிலும் அன்று, அவ்வூரில் வாழும் மக்களே என்பதை மாணவர் நொடியில் உணர்ந்துகொள்வர். இடத்தின் பெயர் இடத்திலுள்ளார்க்கு ஆகி வந்தமையின் இடவாகுபெயர் என எழுதிப் புள்ளியும் பெற்றுவிடுவர். ஆயின், ஊரின் பெயர் அவ்வூரிலுள்ள யாருக்கு ஆகும்? ஊரார் அனைவர்க்குமா, அவருள் ஒரு சிலர்க்கா? அப்பெயரைத் தாங்கும் உரிமை விலைகொடுத்தவர்க்கா, வளர்த்தவர்க்கா? தேர்வுத்தாளில் எழாத இவ்வினா வாழ்க்கையில் எழுவதுண்டு. 2014ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலிய நாட்டின் மெல்பேர்ண் மாநகரில் அஃது எழுந்தது. எழுந்த இடம் புலவர் அவை அன்று; கூடைப்பந்தாட்டக் களம்.

நாம் ஈண்டுச் சொல்லப்புகுவது அந்நகரத்து ‘மெல்பேர்ண் டைகர்ஸ்’ என்னும் கழகத்தின் வரலாறு. டைகர்ஸ் என்பது வேங்கைகள் எனப் பொருள்படும். அவுஸ்திரேலியக் காடுகளில் வேங்கை வாழ்வதில்லை. ஆதலின் இடுகுறியாக இட்ட பெயர் என்றே கொள்ளல் வேண்டும். எனினும், பல்லாண்டு பல்லாயிரவர் நாவிலே வழங்கிய பின்னர் இடுகுறிப்பெயரும் காரணப்பெயர்போலக் கனம் பெற்றுவிடுகின்றது. அது நீங்கும்போதுதான் அதன் கனம் தெரிகின்றது.

கூடை வந்த வழி

கூடைப்பந்தாட்டம் ஓர் ஆசிரியர் கண்ட விளையாட்டு. கனடாவிற் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார் 1891ஆம் ஆண்டிலே, ஐக்கிய அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில், வாலிபர் கிறிஸ்தவ சங்கத்துப் பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியராயிருந்தார். வெளியே கடுங்குளிர், உள்ளே அடைபட்டுக் கிடந்த மாணவரோ அடங்காதவர். அவர்களை மண்டபத்தினுள்ளேயே ஓடியாட வைத்தற்பொருட்டு, பீச்சுப்பழம் இட்டுவைக்கும் கூடைகள் இரண்டை மேல்மாடத்தின் ஓரத்திலே அறைந்து, பதின்மூன்று விதிகளையும் எழுதி வைத்தார். கூடையிலே பந்தை இடும் ஆட்டமாதலின் கூடைப்பந்து என்பது காரணப்பெயராயிற்று. பின்னர்க் கூடை போய் இரும்பு வளையமும் வலையும் வந்தன. காரணம் போன பின்னும் பெயர் போகவில்லை.

அவுஸ்திரேலியாவிலே அப்பெயர் பிறிதொரு சிக்கலில் அகப்பட்டது. நாம் வலைப்பந்தாட்டம் என வழங்கும் மகளிர் விளையாட்டை அந்நாட்டார் 1970ஆம் ஆண்டுவரை ‘மகளிர் கூடைப்பந்து’ என்றே வழங்கிவந்தனர். ஆடவர் ஆடிய கூடைப்பந்தோ, குளிர்காலத்தில் அந்நாட்டுக்கே உரிய உதைபந்துக்கும், கோடையில் துடுப்பாட்டத்துக்கும் பின்னே ஒதுங்கிக் கிடந்தது. அதனை வளர்த்தவை செல்வம் மிக்க கழகங்கள் அல்ல. வாலிபர் சங்கங்களும் தேவாலயங்களைச் சார்ந்த இளைஞர் குழுக்களுமே.

அத்தகைய சூழலிலேதான் டைகர்ஸ் கழகம் வேர்கொண்டது. தன் பிறப்பாண்டாக 1931ஐ அது கொள்கின்றது. அதனைப் பேணி உருவாக்கியவருள் தலையாயவர் கென் வாட்சன் என்பவர். 1956ஆம் ஆண்டு மெல்பேர்ண் நகரிலே ஒலிம்பிக் விழா நடந்தபோது அவுஸ்திரேலியா முதன்முறையாக ஒலிம்பிக் கூடைப்பந்தில் இறங்கியது. அவ்வணியைப் பயிற்றியவரும் அவரே. இரண்டாம் உலகப் போரினால் இடம்பெயர்ந்து லிதுவேனியா, லத்வியா முதலிய நாடுகளிலிருந்து வந்து குடியேறியோரும் அவ்வணியில் ஆடினர். தம் நாட்டிலே கூடைப்பந்தை உயிரெனப் போற்றிய அம்மக்களின் வருகை, அவுஸ்திரேலியரின் ஆட்டத்துக்குப் புதிய உரம் இட்டது.

டைகர்ஸ் கழகத்தார் ஆடிய முறையும் தனித்தன்மை உடையது. ‘ஷஃபிள்’ என அதனை அழைப்பர். சீட்டுக்கட்டைக் கலைத்து அடுக்குதற்கு வழங்கும் சொல் அது. பொதுவாகக் கூடைப்பந்தில் ஐவருக்கும் ஐந்து இடங்கள் உண்டு. நெடியவர் வளையத்தின் அருகே நிற்பர், குறியர் தொலைவிலே பந்தை நடத்துவர். ஷஃபிள் முறையிலோ ஐவரும் இடையறாது நகர்வர். ஒருவர் விட்ட இடத்தை அடுத்தவர் பற்றுவர். அவர் விட்டதை மற்றவர் பற்றுவர். ஆதலின் ஒவ்வொருவரும் ஐந்து இடத்துக்குரிய வேலையையும் அறிந்திருத்தல் வேண்டும். ஒருவரைக் காத்துவிட்டால் அணி முழுவதையும் காத்துவிடலாம் என்னும் எண்ணம் எதிரிக்கு எழ வழியில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலே வளர்ந்த இம்முறையை அமெரிக்கர் பெரும்பாலும் கைவிட்ட பின்னரும் இக்கழகத்தார் விடாது போற்றினர். அது களத்தில் ஆடும் முறை மட்டுமன்று. கழகம் தலைமுறை தலைமுறையாக நிலைத்த முறையும் அதுவே என்பதைப் பின்னர்க் காண்போம்.

மண்டபத்தை ஒட்டிய வீடு

கென் வாட்சன் விட்ட இடத்தைப் பற்றியவர் லிண்ட்சே கேய்ஸ். 1936ஆம் ஆண்டு அடிலெயிட் நகரிலே பிறந்த இவர், 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆட்டக்காரராகவும், 1972 முதல் 1984 வரை நடந்த நான்கு ஒலிம்பிக் விழாக்களிலும் பயிற்றுநராகவும் தம் நாட்டுக்குத் தொண்டாற்றியவர். டைகர்ஸ் கழகத்தைப் பயிற்றும் பொறுப்பை மட்டும் முப்பத்தைந்து ஆண்டுகள் வகித்தார். ஓர் ஆசிரியர் ஒரே பள்ளியில் ஒரே வகுப்பை முப்பத்தைந்து ஆண்டு நடத்தினார் என்றால் அதன் பொருள் நமக்குத் தெரியும்: தந்தைக்குக் கற்பித்தவர் மகனுக்கும் கற்பித்திருப்பார்.

லிண்ட்சேயின் அன்றாடப் பணி விக்டோரியா மாநிலக் கூடைப்பந்துச் சங்கத்தை நிருவகிப்பது. மெல்பேர்ணின் அல்பேர்ட் பார்க் என்னுமிடத்திலிருந்த கூடைப்பந்து மண்டபமும் அவர் மேற்பார்வையில் இருந்தது. அம்மண்டபத்தை ஒட்டிய வீட்டிலேயே அவர் குடும்பம் வாழ்ந்தது. 1965ஆம் ஆண்டு பிறந்த அவர் மகன் அன்ட்ரூ, கதவைத் திறந்தால் களம் என்னும் நிலையிலே வளர்ந்தான். பிற சிறுவர்க்குப் பாடசாலை விட்டபின் கிடைக்கும் ஒரு மணி நேரப் பயிற்சி, இச்சிறுவனுக்கு விளக்கு அணையும்வரை கிடைத்தது. பின்னாளில் இவனைப் பிறவி மேதை என்று போற்றியோர் பலர். அவ்வீடு எங்கே இருந்தது என்பதையும் சேர்த்து எண்ணினால் அப்புகழுரையின் பாதியை அம்மண்டபத்துக்கு அளித்தல் வேண்டும்.

பகலிலே ஒரு தொழில்

1979ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில் தேசியக் கூடைப்பந்துத் தொடர் தொடங்கிற்று. பத்துக் கழகங்கள் சேர்ந்தன. முதலாண்டின் இறுதியாட்டத்தில் மெல்பேர்ணின் செயின்ட் கில்டா கழகம் கான்பெராக் கழகத்தை 94–93 என ஒரே புள்ளியால் வென்றது. ‘தேசியத் தொடர்’ என்னும் பெயரைக் கண்டு அக்காலத்து ஆட்டக்காரர் செல்வச் செழிப்பில் மிதந்தனர் என எண்ணுதல் தவறு. அவருட் பெரும்பாலோர் பகலிலே வேறு தொழில் செய்து மாலையிலே பயிற்சிக்கு வந்தவர். ஆட்டத்துக்கெனக் கிடைத்த ஊதியம் குடும்பத்தைத் தாங்கும் அளவினதன்று. பிரிஸ்பேன் நகருக்கும் அடிலெயிட் நகருக்கும் இடையே ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் தூரம் என்பதை எண்ணினால், வார இறுதியில் நாட்டைக் கடந்து ஆடிவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புதல் எத்தகைய உழைப்பு என்பது விளங்கும். முழுத் தொழிலுமன்று, வெறும் பொழுதுபோக்குமன்று என்னும் இந்நடுநிலையே அந்நாட்டுக் கூடைப்பந்தின் அடித்தளம்.

டைகர்ஸ் கழகம் இத்தொடரில் 1984ஆம் ஆண்டு சேர்ந்தது. தந்தை பயிற்றுநர், பதினெட்டு வயது மகன் ஆட்டக்காரர். அவ்வாண்டிலேயே லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் இருவரும் அதே உறவிலே நாட்டணியில் நின்றனர். தந்தையின் தயவால் இடம் பெற்றான் என்னும் பேச்சுக்கு மகன் புள்ளிகளால் விடைகூறினார். 1987ஆம் ஆண்டுத் தொடரிலே ஆட்டமொன்றுக்குச் சராசரி 44.1 புள்ளிகள் பெற்றார். ஆயினும் ஒருவர் பெறும் புள்ளி அணியின் வெற்றியாகிவிடாது. கழகத்தின் தொடக்க ஆண்டுகள் பெரும்பாலும் தோல்வியிலேயே கழிந்தன. அத்தனை தோல்வியிலும் பயிற்றுநர் தம் ஆட்டமுறையை மாற்றவில்லை. கழகமும் பயிற்றுநரை மாற்றவில்லை. இன்றைய விளையாட்டுலகில் இப்பொறுமை அரிது.

இதற்கிடையே நாட்டில் கூடைப்பந்து அலையென எழுந்தது. அல்பேர்ட் பார்க்கின் சிறு மண்டபம் போதாதாயிற்று. 1956ஆம் ஆண்டு ஒலிம்பிக் நீச்சல் தடாகமாக எழுந்து, பின்னர் மண்டபமாக மாற்றப்பட்ட ‘கண்ணாடி மாளிகை’க்குக் கழகம் பெயர்ந்தது, அங்கிருந்து ஏறத்தாழ 15,000 பேர் அமரக்கூடிய தேசிய டெனிஸ் அரங்கிற்குச் சென்றது. அமெரிக்காவிலிருந்து வந்த லனார்ட் கோப்லண்ட், டேவ் சிமன்ஸ், நெடியவரான மார்க் பிராட்கி ஆகியோர் அன்ட்ரூவுடன் சேர்ந்தனர். 1992ஆம் ஆண்டு இறுதிச் சுற்றிலே அதே நகரத்துத் தென்கிழக்கு மெல்பேர்ண் மஜிக் அணியிடம் டைகர்ஸ் தோற்றது. மறு ஆண்டு பேர்த் வைல்ட்கற்ஸ் அணியுடன் மோதிற்று. இரு அணியும் ஒவ்வோர் ஆட்டம் வென்றிருக்க, மூன்றாவது ஆட்டம் எதிரியின் ஊரிலேயே நடந்தது. 104–102 என்னும் கணக்கில், இரண்டே புள்ளியால் டைகர்ஸ் வென்றது. தேசியத் தொடரில் சேர்ந்த பத்தாவது பருவத்திலே முதல் வெற்றிக்கிண்ணம் கிட்டியது. 1997இல் மஜிக் அணியை வென்று இரண்டாவது கிண்ணமும் பெற்றனர்.

2005ஆம் ஆண்டு தந்தையும் மகனும் ஒருங்கே விலகினர். அன்ட்ரூ கேய்ஸ் 612 ஆட்டங்களில் 18,908 புள்ளிகள் பெற்றிருந்தார். தொடரின் தலைசிறந்த ஆட்டக்காரராக ஏழு முறை தெரிவுசெய்யப்பட்டிருந்தார். ஐந்து ஒலிம்பிக் விழாக்களில் ஆடி, 2000ஆம் ஆண்டு சிட்னி விழாவின் தொடக்கத்திலே தம் நாட்டுக் கொடியை ஏந்திச் சென்றிருந்தார். அவர்கள் விலகியதும் கழகம் சரியும் என எண்ணியோர் ஏமாந்தனர். அலன் வெஸ்டோவர் பயிற்றுநரானார். 2006இலும் 2008இலும் சிட்னி கிங்ஸ் அணியை வென்று மேலும் இரு கிண்ணங்கள் பெற்றனர். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் பற்றும் முறை களத்துக்கு வெளியேயும் நின்றது.

கரைந்துபோன பெயர்கள்

டைகர்ஸ் கழகத்துக்கு நேர்ந்ததை அறியுமுன் அதன் அயலார்க்கு நேர்ந்ததைப் பார்த்தல் வேண்டும். தாஸ்மேனியத் தீவின் லோன்செஸ்டன் நகரத்துக் கழகம் 1980இல் தேசியத் தொடரிற் சேர்ந்தது. 1981இல் நாட்டின் வெற்றிவீரராயிற்று. 1982ஆம் ஆண்டுப் பருவத்தோடு தொடரை விட்டே நீங்கியது. பணம் வற்றியபோது கிண்ணம் காப்பாற்றவில்லை. முதலிரண்டு ஆண்டும் கிண்ணம் வென்ற செயின்ட் கில்டாக் கழகத்தின் உரிமை, 1992இல் ஸ்பெக்டர்ஸ் கழகத்தின் உரிமையோடு கலந்து மஜிக் ஆயிற்று. மஜிக் 1998இல் வட மெல்பேர்ண் ஜயன்ற்ஸ் கழகத்தோடு கலந்து விக்டோரியா டைட்டன்ஸ் ஆயிற்று. அதுவும் பெயர் மாறிச் சில ஆண்டுகளில் மறைந்தது. நான்கு கழகங்களின் வரலாறு ஒன்றனுள் ஒன்றாகக் கரைந்து இறுதியில் ஒன்றுமில்லாதாயிற்று.

இவற்றுள் ஒன்று மட்டும் வேறு கதை சொல்கின்றது. ஸ்பெக்டர்ஸ் என்பது ஆவிகள் எனப் பொருள்படும். தேசிய உரிமை போன பின்னும் நனவாடிங் என்னும் புறநகரிலே உள்ளூர்ச் சங்கத்தார் அப்பெயரை விடவில்லை. சிறுவரைச் சேர்த்துப் பயிற்றினர், மாநில மட்டத்திலும் பகுதிநேரத் தொழில்முறைத் தொடர்களிலும் ஆடினர். தென்கிழக்கு அவுஸ்திரேலியாவின் அத்தகைய தொடர் 1981 முதல் 2018 வரை நடந்தது. 2019இல் அதன் இடத்தில் ‘என்.பி.எல். 1’ என்னும் புதுத் தொடர் தொடங்கியபோது, ஆடவர் பிரிவில் முதலாண்டுக் கிண்ணத்தை வென்றவர் நனவாடிங் ஸ்பெக்டர்ஸே. பெயருக்கேற்ப ஆவி திரும்பி வந்தது எனலாம். உரிமைப் பத்திரத்தோடு மட்டும் வாழ்ந்த கழகம் அப்பத்திரத்தோடு மாண்டது. சிறுவர் அணிகளோடு வாழ்ந்த கழகம் மாளவில்லை.

இரண்டாகப் பிரிந்த ஒரு வரலாறு

இனி 2014க்கு வருவோம். அவ்வாண்டு மே மாதத்திலே டைகர்ஸ் கழகத்தின் தேசியத் தொடர் உரிமையை வைத்திருந்தோர் அதன் பெயரை ‘மெல்பேர்ண் யுனைட்டெட்’ என மாற்றுவதாக அறிவித்தனர். ஒன்றுபட்ட மெல்பேர்ண் என்பது அதன் கருத்து. அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லாது விடுதல் தகாது. நகரின் மற்றைக் கழகங்கள் மறைந்துபோக, தேசியத் தொடரிலே மெல்பேர்ணுக்கு ஓரணியே எஞ்சியிருந்தது. முன்னாள் மஜிக் அணியின் அன்பர், முன்னாள் ஜயன்ற்ஸ் அணியின் அன்பர் முதலியோர் தாம் வாழ்நாள் முழுதும் எதிர்த்த டைகர்ஸை எங்ஙனம் வாழ்த்துவர்? நகரம் முழுவதற்கும் ஆகவேண்டிய பெயர் ஒரு பகுதியாரின் பெயராக இருத்தல் ஆகாது என்பது அவர் வாதம். ‘ஊர் சிரித்தது’ என்றால் ஊரார் எல்லாரும் சிரித்திருத்தல் வேண்டும் என்பதைப் போன்றது இது.

பழைய அன்பர்க்கு இவ்வாதம் ஆறுதல் அளிக்கவில்லை. தம் வருத்தத்தை அன்ட்ரூ கேய்ஸ் வெளிப்படையாகவே சொன்னார். தாம் முதலிற் பந்து பிடித்த நாள் தொட்டு உடம்போடு ஒட்டியிருந்த பெயர் ஓர் அறிக்கையினால் நீங்கும்போது, வருந்தாதிருத்தல் எவர்க்கும் இயலாது.

இதன் பின்னர் நிகழ்ந்ததே கருதத்தக்கது. கழகம் இரண்டாயிற்று. தேசியத் தொடர் உரிமையும் பேரரங்கும் யுனைட்டெட் பக்கம் சென்றன. யுனைட்டெட் 2018இலும் 2021இலும் கிண்ணம் வென்றது. டைகர்ஸ் வென்ற நான்கையும் தன் கணக்கிற் சேர்த்து ஆறு என எண்ணுகின்றது. டைகர்ஸ் என்னும் பெயரோ சிறுவர் சிறுமியரைப் பயிற்றிவந்த உள்ளூர்ச் சங்கத்தோடு நின்றது. அச்சங்கம் அப்பெயருடன் 2019ஆம் ஆண்டு என்.பி.எல். 1 தொடரிலே தொடக்க அணிகளுள் ஒன்றாக இறங்கியது. பதினையாயிரவர் அரங்கில் ஆர்ப்பரித்த பெயர், மீண்டும் உள்ளூர் மண்டபத்துக்கு வந்தது. பகலிலே வேறு தொழில் செய்து மாலையிலே பயிற்சிக்கு வருவோர் மீண்டும் அதனை அணிந்தனர். வீழ்ச்சி என்பர் சிலர். புறப்பட்ட வீட்டுக்குத் திரும்பியது எனவும் கொள்ளலாம்.

அவ்வீடும் இப்போது இல்லை. அல்பேர்ட் பார்க்கின் பழைய மண்டபம் இடிக்கப்பட்டது. 1996 முதல் அப்பூங்காவைச் சுற்றிப் பந்தயக் கார்கள் ஓடுகின்றன. 1997இல் அங்கே புதிய பெரும் விளையாட்டு நிலையம் திறக்கப்பட்டது. ஆயின், கழகம் பெயரை மாற்றிய அடுத்த ஆண்டிலே, 2015இலே, பிறிதொரு செய்தி வந்தது. கூடைப்பந்தைக் கண்ட நெய்ஸ்மித் ஆசிரியரின் பெயரால் ஸ்பிரிங்பீல்ட் நகரில் அமைந்துள்ள புகழ்மண்டபம் லிண்ட்சே கேய்ஸைத் தன் உறுப்பினருட் சேர்த்துக்கொண்டது. 1993இல் உடனாடிய டேவ் சிமன்ஸின் மகன் பென், மெல்பேர்ணிலே பிறந்தவர், 2016இல் அமெரிக்கத் தொழில்முறைத் தொடருக்கான தெரிவிலே முதலாவதாக எடுக்கப்பட்டார். டைகர்ஸ் அணியில் ஆடிய வொரிக் கிடியின் மகன் ஜோஷ் 2021இல் ஆறாவதாக எடுக்கப்பட்டார். தந்தையர் விட்ட இடத்தை மைந்தர் பற்றிய இச்செய்திகளை எந்த உரிமைப் பத்திரமும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளல் இயலாது.

இனித் தொடக்கத்து வினாவுக்கு விடைகாண முயல்வோம். பெயர் யாருக்கு ஆகும்? சட்டம் கேட்டால் உரிமை வைத்திருப்பவர்க்கு என்னும். கணக்கேடு கேட்டால் கிண்ணங்களை எண்ணுபவர்க்கு என்னும். இவ்விரு விடையும் பொய்யல்ல. ஆயின், செயின்ட் கில்டாவும் மஜிக்கும் டைட்டன்ஸும் சட்டப்படி உரிமையும் வைத்திருந்தன. அவற்றுட் பல கிண்ணமும் வைத்திருந்தன. இன்று அவற்றின் பெயரைச் சொல்ல ஏடுகளே உள்ளன. நனவாடிங்கும் டைகர்ஸும் பேரரங்கை இழந்தன. ஆனால் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் முதன்முதலாகப் பந்தைத் தட்டப் பழகும்போது அணியும் சட்டையில் அப்பெயர்கள் உள்ளன. அச்சிறுவனுக்கு வளையத்தின் உயரத்தைக் காட்டிக்கொடுக்கும் பெரியவர் ஒருவரும், அவரிடம் ஊதியம் பற்றிய எண்ணமின்றி மாலைப்பொழுதை அளிக்கும் மனமும் உள்ளவரை, பெயருக்கு உறைவிடம் உண்டு.

பள்ளியையும் சங்கத்தையும் நடத்துவோர்க்கு இது புதிய செய்தியன்று. கட்டடத்தின் முகப்பிலே எழுதிய பெயரை ஒரு நாளில் மாற்றிவிடலாம். மாணவர் நாவில் இருப்பதை அங்ஙனம் மாற்றுதல் எளிதன்று. அதனை அங்கே வைத்தவர் ஒரு நாளில் வைத்தாரல்லர். முப்பத்தைந்து ஆண்டு நின்று வைத்தார்.